காரணம் தெரியாத பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை: தாய்க்கு எட்டாவது வாரம் ஓடும்போது எதை முதலில் செய்வது?

நீங்கள் கேட்டிருப்பது இது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக் கிராமத்தில் மூன்றரை வயது ஆண் குழந்தை. ஒன்பது மாதம் வரை நன்றாக உட்கார்ந்து தவழப் பார்த்தவன், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தலை நிற்பதைக்கூட இழந்துவிட்டான். வலிப்பு வருகிறது. அவனுடைய அண்ணனும் இப்படியே இருந்து ஒன்றரை வயதில் தவறிவிட்டான். பெற்றோர் தாய்மாமனும் அக்காள் மகளும். எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. எடுத்தும் நோய்க்குப் பெயர் கிடைக்கவில்லை. ஒரு தனியார் லேப் 28,000 ரூபாய்க்கு ‘எக்ஸோம்’ என்ற மரபணுப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறது. தாய்க்கு மறுபடி இரண்டு மாதம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரான உங்களிடம் அந்தக் குடும்பம் கேட்கிறது: கடன் வாங்கியாவது எடுக்கலாமா?

எடுக்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அது வேண்டிய பரிசோதனைதான். ஆனால் ரத்தம் லேப்புக்குப் போகும் முன் செய்ய வேண்டியவற்றைச் செய்யாவிட்டால் அந்தப் பணத்தில் பாதி வீண். அவற்றை இந்த வாரமே தொடங்க வேண்டும், ஏனென்றால் நாள் ஓடுவது தாயின் வயிற்றில்.

முதலில் வாரக் கணக்கு. ‘இரண்டு மாதம்’ என்பதை வைத்து எதையும் திட்டமிட முடியாது. ஸ்கேன் எடுத்து எத்தனை வாரம், எத்தனை நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பதிவு எண்ணான பிக்மி எண் இன்னும் வாங்கவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பதியச் செய்யுங்கள். எட்டு வாரம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் ரத்தம் போனால் எக்ஸோம் முடிவு வர நான்கிலிருந்து ஆறு வாரம், அதாவது 13 முதல் 15ஆவது வாரம். கிடைத்த மாற்றத்தைப் பெற்றோர் ரத்தத்தில் சரிபார்க்க ஒன்றிரண்டு வாரம். 16ஆவது வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுக்கலாம். அந்த ஒரே மாற்றத்தை மட்டும் சிசுவில் தேடி முடிவு வர ஏறக்குறைய இரண்டு வாரம். மொத்தம் 18 முதல் 20 வாரம். கடுமையான குறை உறுதியானால் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை கருவைக் கலைக்க 2021 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. அதற்கு மேல் மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். ஆக, கையில் இருக்கும் உபரி நேரம் நான்கு வாரம்தான். பணம் புரட்டுவதிலும் தவறான ட்யூபில் ரத்தம் எடுத்துத் திரும்பி வருவதிலும் அந்த நான்கு வாரமும் கரைந்துவிடும்.

இனி பிள்ளையிடம் வருவோம். காய்ச்சலுக்குப் பிறகு கற்றதை இழந்த குழந்தை என்றால் முதலில் நினைக்க வேண்டியது உடலின் ரசாயன மாற்றங்களில் வரும் கோளாறுகள். அவற்றில் சிலவற்றுக்கு மலிவான மருந்து உண்டு. எக்ஸோம் முடிவுக்காக ஆறு வாரம் காத்திருந்துவிட்டு இவற்றைத் தேடுவது பெருந்தவறு. பயோட்டின் என்ற வைட்டமினை உடல் மீட்டெடுக்க முடியாத பயோட்டினிடேஸ் குறைபாட்டுக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டின் மாத்திரை போதும். முடி உதிர்வு, தோலில் சொறி, காது மந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பயோட்டினும் தயமின் என்ற வைட்டமினும் சேர்த்துக் கொடுத்தால் தேறுகிற மூளை நோய் ஒன்று உண்டு, அது பெரும்பாலும் காய்ச்சலை ஒட்டியே தலைகாட்டும். பி12 குறைவையும் மறக்கக் கூடாது. தாய்ப்பாலில் மட்டும் வளர்ந்து, தாய்க்கே பி12 குறைவாக இருந்தால், ஆறு மாதத்துக்கு மேல் பிள்ளை பின்னோக்கிப் போகும். அது பரம்பரை நோயே இல்லை, ஊசியிலேயே சரியாகும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ரத்த அம்மோனியா, லாக்டேட், குளுக்கோஸ், பி12, பயோட்டினிடேஸ் அளவு, காகிதத்தில் ரத்தச் சொட்டு எடுத்துச் செய்யும் டி.எம்.எஸ்., சிறுநீரில் ஜி.சி.எம்.எஸ். (இந்த இரண்டும் உடலில் தேங்கும் ரசாயனங்களைக் காட்டுபவை). எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரம்தான் ஆகும்.

அம்மோனியா பரிசோதனை மட்டும் கைப்பக்குவம் கேட்கும். கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, பிள்ளை கதறக் கதறப் பிழிந்து எடுத்த ரத்தத்தில் அம்மோனியா பொய்யாக ஏறிக் காட்டும். பட்டை கட்டாமல், தானாக ஒழுகும் ரத்தத்தை ஊதா மூடி ட்யூபில் பிடித்து, உடனே ஐஸ் தண்ணீரில் நிறுத்தி, கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்து பஸ்ஸில் கொண்டுபோனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. கருவி இருக்கும் கட்டடத்திலேயே எடுக்க வேண்டும். டி.எம்.எஸ். அப்படியில்லை. காகிதத்தில் வட்டம் முழுக்க ரத்தம் ஊறும்படி விட்டு, வெயில் படாமல் நான்கு மணி நேரம் படுக்கை வாட்டில் காயவைத்து, உறையில் போட்டுக் கூரியரில் அனுப்பலாம். ஈரத்தோடு உறையில் போட்டால் கெட்டுப்போகும்.

இடையில் ஒன்று. பிள்ளை வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறானா என்று பாருங்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் வரும் நோயோ அம்மோனியா ஏறும் நோயோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது அந்த மருந்து ஈரலைக் கெடுக்கக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் போகும். சந்தேகத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்துக்கு அவர் மாற்றுவார்.

அடுத்தது வம்சப் படம். இதை உங்களைவிட நன்றாகச் செய்யக்கூடியவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் “சொந்தத்தில் கல்யாணமா?” என்று கேட்டால் பலர் “இல்லை” என்று சொல்லிவிடுவார்கள். திட்டுவார்கள் என்ற பயம், அல்லது சித்தப்பா பெரியப்பா வழி மட்டும்தான் ‘சொந்தம்’ என்ற எண்ணம். “கல்யாணத்துக்கு முன்னால உங்க மாமியார் உங்களுக்கு என்ன முறை?” என்று கேளுங்கள். அத்தை என்றோ பாட்டி என்றோ உண்மை தானாக வந்துவிடும். மூன்று தலைமுறை போடுங்கள். இறந்த குழந்தைகள், கருச்சிதைவுகள், வலிப்பு உள்ளவர்கள், நடக்காதவர்கள், காது கேளாதவர்கள் எல்லாரையும் குறியுங்கள். ஆணா பெண்ணா, எந்த வயதில் என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள். தவறிய அண்ணனின் பழைய சீட்டு, ஸ்கேன் பிலிம், போனில் கிடக்கும் வீடியோ எதையும் விடாதீர்கள்.

தாய்மாமன்–அக்காள் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 12.5 சதவீதம் இரண்டு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிரதியாக இருக்கும். அத்தை மகன்–மாமன் மகள் என்றால் 6.25 சதவீதம். அதனால் இருவரிடமும் மறைந்து கிடக்கும் ஒரே பழுது பிள்ளையிடம் இரட்டையாகச் சேர வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. தவறியவனும் ஆண், இவனும் ஆண். தாய் வழியில் எக்ஸ் குரோமோசோம் மூலம் வரும் நோயாகவும் இருக்கலாம். அப்போது கணக்கே வேறு: பிறக்கும் ஆண் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வரலாம், தாயின் அக்கா தங்கைகளுக்கும் இது விஷயமாகிவிடும். சொந்தத் திருமணம் என்றதும் எல்லாரும் அதையே பிடித்துக்கொள்வதால்தான் இது தவறவிடப்படுகிறது. லேப் இரண்டு வழியும் பார்த்ததா என்று கேளுங்கள்.

எக்ஸோம் என்பது சுமார் 20,000 மரபணுக்களின் புரதம் செய்யும் பகுதிகளைப் படிப்பது. முழு டி.என்.ஏ.வில் அது ஒன்றிரண்டு சதவீதம்தான், ஆனால் தெரிந்த நோய்க் காரணங்களில் பெரும்பகுதி அங்கேதான் கிடக்கிறது. சரியாகத் தேர்ந்தெடுத்து அனுப்பிய குழந்தைகளில் மூன்றில் ஒருவரிலிருந்து பாதிப்பேர் வரை காரணம் கிடைக்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் இது முதல் பரிசோதனை இல்லை. டவுன் நோய்க்குறிக்கான முகச்சாயல் இருந்தால் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் சில ஆயிரம் ரூபாய் கேரியோடைப் போதும். ஐந்து வயதில் பின்கால் ஆடுசதை தடித்து, தொடையில் கையூன்றி எழும் பையனுக்கு டுஷேன் என்ற தசைச்சிதைவு நோய்க்கு, மரபணுவில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்.எல்.பி.ஏ. முதலில். தசை தளர்ந்து, நாக்கு துடிக்கும் கைக்குழந்தைக்கு எஸ்.எம்.ஏ. என்ற தசைநலிவு நோய்க்கான பரிசோதனை. பேச்சு வராமல் பிடிவாதமாக இருக்கும் பையனுக்கு ஃப்ரஜைல் எக்ஸ் என்ற எக்ஸ் குரோமோசோம் கோளாறுக்கான பரிசோதனை. கடைசி இரண்டையும் சாதாரண எக்ஸோம் தவறவிடக்கூடும், பணம் போய் ‘நார்மல்’ என்று வந்துவிடும். உங்கள் பிள்ளையின் கதை இவற்றில் எதிலும் சேரவில்லை, அதனால் எக்ஸோம் சரி. மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியும், துண்டு விடுபடல்–இரட்டிப்பு ஆய்வும் அதே விலையில் சேர்ந்திருக்கிறதா, சராசரி ஆழம், அதாவது ஒவ்வொரு இடத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கும் எண்ணிக்கை, 80 முதல் 100 மடங்கு உண்டா என்று லேப்பிடம் எழுத்தில் வாங்குங்கள்.

படிவத்தில் என்ன எழுதுகிறோம் என்பதுதான் பலரும் அலட்சியம் செய்யும் இடம். எக்ஸோமில் ஒரு ஆளுக்குப் பல்லாயிரம் மாற்றங்கள் வரும். அவற்றிலிருந்து ஒன்றைப் பொறுக்க ஆய்வாளருக்கு இருக்கும் துப்பு அந்தப் படிவம் மட்டும்தான். ‘வளர்ச்சிக் குறைபாடு’ என்று ஒற்றை வரி எழுதினால் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்கள் வரிசையில் நிற்கும். எழுத வேண்டியது இந்த மாதிரி: ஒன்பது மாதம் வரை வளர்ச்சி சரி, காய்ச்சலுக்குப் பின் திடீர்ப் பின்னடைவு, வலிப்பு தொடங்கிய வயது, அதன் வகை, கைகால் முறுக்கல் உண்டா, தலைச் சுற்றளவு எத்தனை செ.மீ.; எம்.ஆர்.ஐ.யில் எந்தப் பகுதியில் மாற்றம். அம்மோனியா, லாக்டேட் எவ்வளவு. அண்ணன் இதே விதமாக ஒன்றரை வயதில் மரணம். பெற்றோர் தாய்மாமன்–அக்காள் மகள். வம்சப் படத்தையும் எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் இணைத்து அனுப்புங்கள்.

ரத்தம்: டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஊதா மூடி ட்யூப், அதாவது இ.டி.டி.ஏ. பிள்ளைக்கு 2 முதல் 3 மில்லி, அப்பா அம்மாவுக்கு ஆளுக்கு 3 மில்லி. எடுத்தவுடன் எட்டுப் பத்து தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் உறைந்துவிடும். குலுக்கக் கூடாது. கேரியோடைப் என்றால் பச்சை மூடி, ஹெப்பாரின். அதில் செல் உயிரோடு போய்ச் சேர வேண்டும், அதனால் ஒன்றிரண்டு நாளுக்குள் சேர்க்க வேண்டும். இரண்டு மூடியையும் மாற்றி எடுத்தால் இரண்டு பரிசோதனையும் கெடும்: ஹெப்பாரின் டி.என்.ஏ. வேலையைத் தடுக்கும், இ.டி.டி.ஏ. செல்லை வளரவிடாது. ஊதா ட்யூபை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் சில நாள் வைக்கலாம், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. பிள்ளைக்கு அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று ட்யூபிலும் பெயர், பிறந்த தேதி, உறவு, எடுத்த நேரம் எழுதுங்கள். ஆதாரில் ஒரு பெயரும் கூப்பிடும் பெயர் வேறாகவும் இருந்து மாதிரி திருப்பி அனுப்பப்படுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. பெற்றோர் ரத்தத்தை இப்போதே அனுப்பிவையுங்கள். முடிவு வந்தபின் மறுபடி வரவழைத்தால் இரண்டு வாரமும் இரண்டு நாள் கூலியும் போகும்.

எங்கே போவது? மாவட்ட அரசு மருத்துவமனையில் உள்ள டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பதிந்து பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். பதினெட்டு வயது வரை அது இலவசம். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கைப்படி உயர் சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்டவற்றில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், பெங்களூருவில் இந்திரா காந்தி குழந்தைகள் நலக் கழகத்தோடு இணைந்த மனித மரபியல் மையமும் உண்டு. ஓசூர் வழியாகப் போகிறவர்களுக்குப் பெங்களூருதான் பக்கம், கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பமாக இருந்தால் பேச்சும் சுலபம். வேலூர் சி.எம்.சி.யிலும் மரபியல் துறை இருக்கிறது. போகும் முன் போன் செய்து, பரிசோதனைக்கு நிதி உண்டா, எந்தக் கிழமை மரபியல் ஓ.பி. என்று கேட்டுவிடுங்கள். இந்தக் கொள்கையில் ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு, ஆனால் பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும். பெயர் தெரியாத நோய் அந்தப் பட்டியலுக்குள் நுழைய முடியாது. பரிசோதனை செய்ய அதுவும் ஒரு காரணம். நிதி கிடைக்க இரண்டு மாதம் ஆகும் என்றால், இந்தக் கர்ப்பத்தில் அந்தத் தாமதத்தைத் தாங்க முடியாது. அப்போது தனியார் லேப்பே சரி, ஆனால் மரபியல் மருத்துவரின் கையெழுத்தோடு அனுப்புங்கள். ஏஜென்ட் நேரடியாக வந்து எடுத்துப்போகும் மாதிரியின் முடிவைக் குடும்பத்துக்கு விளக்க ஆள் இருக்காது.

அறிக்கை மூன்றில் ஒரு விதமாக வரும். ‘நோய்க் காரணம்’ அல்லது ‘நோய்க் காரணமாக இருக்கக்கூடியது’ என்று வந்து, பிள்ளையின் அறிகுறிகளோடும் பொருந்தி, இரு பெற்றோரிடமும் ஒவ்வொரு பிரதி (எக்ஸ் வழி நோய் என்றால் தாயிடம் மட்டும்) இருந்தால் அதை நம்பி அடுத்த அடி வைக்கலாம். இரண்டாவது, ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’. லேப்காரர்கள் வி.யு.எஸ். என்பார்கள். நம் மக்களில் இது அதிகம் வருவதற்குக் காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் உலகத் தரவுத் தொகுப்புகளில் நம்மவர்கள் குறைவு. நம் ஊரில் பலரிடம் தீங்கில்லாமல் இருக்கும் மாற்றம்கூட அங்கே ‘அரிது’ என்று தெரியலாம். 10,000 பேரின் டி.என்.ஏ.வைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் இந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பத் தொடங்கியிருக்கிறது. வி.யு.எஸ். ஒன்றை மட்டும் நம்பிச் சிசுவைச் சோதிப்பதோ கருவைக் கலைப்பதோ கூடவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அறிக்கையில் தடித்த எழுத்தில் ஒரு மரபணுப் பெயரைப் பார்த்ததும் அதுதான் நோய் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மூன்றாவது, ஒன்றும் கிடைக்கவில்லை என்பது. பரம்பரை நோய் இல்லை என்று அதற்குப் பொருள் ஆகாது. மூலத் தரவுக் கோப்புகளைப் பென்டிரைவில் கேட்டு வாங்கி வையுங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே தரவை மறுபடி அலசினால் பத்தில் ஒருவருக்காவது புதிதாகப் பெயர் கிடைக்கிறது. மறுபடி ரத்தமோ முழுச் செலவோ வேண்டாம்.

காரணம் உறுதியானால் பனிக்குட நீர்ப் பரிசோதனை. பதிவு பெற்ற மையத்தில் மட்டும், தாயின் எழுத்துச் சம்மதத்தோடு. 15 முதல் 20 மில்லி நீர் எடுப்பார்கள். இதனால் கரு கலையும் வாய்ப்பு 200-ல் ஒன்று அல்லது அதற்கும் குறைவு. தாயின் ரத்தமும் ஒரு ட்யூப் சேர்ந்து போக வேண்டும். சிசுவின் மாதிரியில் தாயின் செல் கலந்திருந்தால் தவறான முடிவு வரும், அதைக் கண்டுபிடிக்கத்தான் அது. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால், சிசுவின் ரத்தத்துக்கு எதிர்ப்பு உருவாகாமல் தடுக்கும் ஆன்ட்டி-டி ஊசி அன்றே போட வேண்டும். ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லக் கூடாது, கேட்கவும் கூடாது.

இதையெல்லாம் தாயிடம் சொல்லும்போது மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து, பழுது இரு பக்கமும் இருந்து வந்தது என்ற சாத்தியத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ‘இவள் வயிறு சரியில்லை’ என்ற பேச்சு அறிக்கை வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். சிசுவைச் சோதிப்பதா, பாதிப்பு இருந்தால் என்ன செய்வது என்பது அவளுடைய முடிவு. வேண்டாம் என்றாலும் இந்தப் பரிசோதனை வீண் இல்லை.

பெற்றோர் முடிவு எடுக்கும்வரை பிள்ளை காத்திருக்கத் தேவையில்லை. பிசியோதெரபி, சரியான நாற்காலி, புரையேறாமல் ஊட்டும் முறை, வலிப்பு மருந்து, மாற்றுத்திறனாளிக்கான யூ.டி.ஐ.டி. அடையாள அட்டை, கடும் பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை எதற்கும் மரபணு அறிக்கை கேட்க மாட்டார்கள்.

பெயர் தெரிந்தால் பிறக்கப்போகும் குழந்தைக்கு என்ன லாபம் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ், மெனோனைட் என்ற கிறித்தவப் பிரிவினரும் தங்கள் சிறு சமூகத்துக்குள்ளேயே மணப்பவர்கள், பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு வாங்காதவர்கள். ஆமிஷ் குழந்தைகள் சிலரும் காய்ச்சலுக்குப் பின் திடீரென முடங்கிப்போனார்கள். அது குளூட்டாரிக் அமிலக் கோளாறு, முதல் வகை என்று கண்டறிந்த மருத்துவர் ஹோம்ஸ் மார்ட்டன், மனைவி கேரலைனோடு 1989-ல் அங்கேயே ஒரு மருத்துவமனை தொடங்கினார். பிறந்ததும் ரத்தச் சொட்டில் கண்டுபிடித்து, புரதத்தில் உள்ள லைசின் என்ற பொருள் குறைந்த உணவு கொடுத்து, காய்ச்சல் வந்த அன்றே குளுக்கோஸ் ஏற்றியதில் மூளை பாதிக்கப்படும் குழந்தைகள் வெகுவாகக் குறைந்தார்கள். உங்கள் பிள்ளையின் கதையும் இந்த நோயை நினைவூட்டுகிறது. தலை பெரிதாக இருக்கிறதா என்று இன்றே டேப் வைத்து அளந்துவிடுங்கள். டி.எம்.எஸ்., ஜி.சி.எம்.எஸ். இரண்டும் பெரும்பாலும் இதைக் காட்டிக்கொடுக்கும்.

கர்ப்பம் தொடர்ந்தால் பிரசவம் ஆகும் மருத்துவமனைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் வாங்கி தாயின் அட்டையிலேயே பின் செய்துவிடுங்கள்: தொப்புள்கொடியிலிருந்து 2 மில்லி ரத்தம் ஊதா மூடி ட்யூபில், 48 முதல் 72 மணி நேரத்தில் குதிகாலிலிருந்து டி.எம்.எஸ். ரத்தச் சொட்டு, முடிவு வரும்வரை பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது, சோர்ந்தாலோ வாந்தி எடுத்தாலோ அன்றே அம்மோனியா பார்க்க வேண்டும். கடிதத்தின் கீழே மரபியல் மருத்துவரின் போன் எண்ணும் இருக்கட்டும். இரவு ஷிப்டில் இருக்கும் செவிலியர் படிக்கும்படி பெரிய எழுத்தில்.